வரைபடத்தில் விட்டுப்போன ஊர்கள்: ரெகெக்ஸால் இணைப்புகளைத் திரட்டிய ஒரு வேலையின் ஆய்வு

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு வாசகர் வட்டம் 2001 முதல் ஒரு தளம் நடத்தி வந்தது. மாத இதழ், நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு, கவிதைகள், ஊர் வரலாறு என்று அதில் இல்லாதது குறைவு. தளத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சர்வர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் இறந்துவிட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனமோ மாதக் கடைசியில் அந்தச் சேவையையே மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. உள்ளே போய்க் கோப்புகளை மொத்தமாக அள்ள வழியில்லை. வெளியிலிருந்து வாசகர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே ஒவ்வொரு பக்கமாகத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பாட்டுப் பாடிக் கொடுத்த கிழவிகள்ல பாதிப் பேர் இப்ப இல்ல. அந்தப் பக்கங்கள் போச்சுன்னா திரும்ப யார்கிட்ட போய்க் கேக்கறது?"

வேலையின் அமைப்பு எளிது. முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும், அதிலுள்ள இணைப்புகளைப் பொறுக்க வேண்டும், அவை காட்டும் பக்கங்களைத் திறந்து அங்கேயும் பொறுக்க வேண்டும். புதிதாக எதுவும் கிடைக்காதபோது வேலை முடிந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியில் முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். இதன் நடுவே உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு வரி, பக்கத்தின் மூலத்திலிருந்து, அதாவது உலாவி படிக்கும் எச்டிஎம்எல் எழுத்திலிருந்து, இணைப்புகளைப் பிரித்தெடுக்கும் ரெகெக்ஸ். எப்படிப்பட்ட எழுத்துத் தொடர் வேண்டும் என்று ஒரு வடிவத்தை (பேட்டர்னை) எழுதிக் கொடுத்துத் தேடும் முறைதான் ரெகெக்ஸ். அந்த ஒரு வரியைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. ஒரு இணைப்பு தவறினால் ஒரு பக்கம் மட்டும் போகாது. அந்தப் பக்கத்தின் வழியாக மட்டுமே போகக்கூடிய எல்லாமும் சேர்ந்து போகும்.

ஒரு குறிப்பு. எச்டிஎம்எல்லில் கோண அடைப்புக்குள் வரும் கட்டளையை டேக் என்பார்கள், அதற்குள் வரும் விவரத்தைப் பண்பு என்பார்கள். டேக் பெயர்களையும் முகவரிகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கோப்பில் பெரும்பாலும் அவை ரோமன் எழுத்தில் இருந்தன.

முதல் ஓட்டம்

ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, "முடிந்தது" என்று வந்துவிட்டது. சேமித்திருந்தது ஒரே ஒரு கோப்பு.

பிழைச்செய்தி எதுவும் இல்லை. முதல் பக்கத்தைத் திறந்து மூலத்தைப் பார்த்தால் அது ஃப்ரேம்செட். அந்தக் காலத்துத் தளங்களில் இது சர்வ சாதாரணம். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் உள்ளடக்கம் என்று சன்னலைப் பிளந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கோப்பைக் காட்டுவார்கள். அதில் வழக்கமாக இணைப்பு தரும் ஏ டேக்கே கிடையாது. கோப்பின் பெயர் ஃப்ரேம் டேக்கில் எஸ்ஆர்சி என்ற பண்பில் இருக்கும். நான் தேடியது ஏ டேக்கில் முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃப் பண்பு. இருந்தது எஸ்ஆர்சி. ரெகெக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து, "இங்கே எதுவும் இல்லை" என்று திரும்பிவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு வந்த ஒவ்வொரு தவறும் இதே சாயலில்தான் வந்தது. பேட்டர்ன் பொருந்தவில்லை என்றால் ரெகெக்ஸைப் பொறுத்தவரை அது பிழையே அல்ல, வெறும் பூஜ்யம். இந்த முறை மொத்தமும் பூஜ்யமானதால் உடனே தெரிந்துவிட்டது. பத்தில் ஒன்று விடுபட்டிருந்தால்?

ஃப்ரேமையும் சேர்த்துக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்குப் போனேன்.

தை முதல் பங்குனி வரை ஒரே இணைப்பு

என் முதல் பேட்டர்ன் யாரும் முதலில் எழுதுவது:

<ஏ ஹெச்ரெஃப்="(.*)">

ஒரு பக்கத்தில் சோதித்தேன், சரியாக வந்தது. நம்பிவிட்டேன். சோதித்த பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பும் தனி வரியில் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை. இதழ்ப் பட்டியல் பக்கத்தில் மாதங்கள் எல்லாம் ஒரே வரியில் கிடந்தன:

<ஏ ஹெச்ரெஃப்="தை.எச்டிஎம்">தை</ஏ> | <ஏ ஹெச்ரெஃப்="மாசி.எச்டிஎம்">மாசி</ஏ> | <ஏ ஹெச்ரெஃப்="பங்குனி.எச்டிஎம்">பங்குனி</ஏ>

இங்கே கிடைத்தது மூன்று இணைப்பு அல்ல, ஒன்று. தை என்பதில் தொடங்கி, நடுவிலுள்ள டேக்குகளையும் மாசியையும் விழுங்கி, பங்குனிக் கோப்பின் பெயரில் போய் முடிந்த ஒரு நீளமான குப்பை. ரெகெக்ஸில் புள்ளி என்றால் எந்த எழுத்தும், நட்சத்திரம் என்றால் எத்தனை முறையும். இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பேராசை. வரியின் கடைசி வரை ஓடிவிட்டு, பிறகு பின்னோக்கி வந்து, முதலில் கிடைக்கும் மேற்கோள் குறியில் நிற்கும். புள்ளி வழக்கமாக வரி முறிவைத் தாண்டாது. அதனால்தான் தனித்தனி வரியில் இருந்த பக்கம் பிழைத்தது.

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் பேராசை அடங்கும் என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். போட்டேன். மாதங்கள் பிரிந்தன. ஆனால் ஃப்ரேம் உள்ள தளம் என்பதால் பாதி இணைப்புகளில் எந்தப் பகுதியில் திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட் பண்பும் இருந்தது:

<ஏ ஹெச்ரெஃப்="தை.எச்டிஎம்" டார்கெட்="வலது">

என் பேட்டர்ன் மேற்கோளும் கோண அடைப்பும் ஒட்டியிருக்கும் இடத்தைத் தேடுகிறது. தை.எச்டிஎம் முடிந்த இடத்தில் மேற்கோளுக்குப் பின் இடைவெளிதான் இருக்கிறது. எனவே அது டார்கெட்டையும் விழுங்கிக்கொண்டு "வலது" வரை போனது. கேள்விக்குறி பேராசையைக் குறைக்கும், எல்லை எது என்று சொல்லித் தராது. சொல்லித் தர வேண்டுமென்றால் "மேற்கோள் அல்லாத எதுவும்" என்று எழுத வேண்டும், அதாவது [^"]*. புள்ளியைக் கைவிட்டு இதற்கு மாறியதும் இந்தத் தொல்லை ஒரேயடியாக நின்றது. எல்லை உள்ள எதையும் எடுக்கும்போது புள்ளியைத் தொடுவதில்லை என்பதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன்.

அதன்பின் வந்தவை வழக்கமான திருத்தங்கள். கையால் நோட்பேடில் அடித்தவர்கள் டேக்குகளைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள், எழுத்து வேறுபாட்டைப் பாராதே என்ற கொடியைப் போட்டேன். சிலர் ஒற்றை மேற்கோள், சிலர் மேற்கோளே இல்லாமல். மூன்றுமே எச்டிஎம்எல்லில் செல்லும், உலாவி ஒன்றையும் குறை சொல்லாது. ஹெச்ரெஃபுக்கு முன்னால் வேறு பண்புகள் வரலாம், சமக் குறியைச் சுற்றி இடைவெளி வரலாம். முகவரிக்குள் உம்மைக் குறி, அதாவது ஆம்பர்சாண்ட், "ஆம்ப்" என்ற குறியீடாக எழுதப்பட்டிருக்கும், அதைத் திரும்ப ஒற்றைக் குறியாக்க வேண்டும். இப்படி வளர்ந்து வளர்ந்து என் பேட்டர்ன் இந்த இடத்துக்கு வந்து நின்றது: <ஏ என்று தொடங்கி, [^>]* என்று எதையும் தாண்டி, ஹெச்ரெஃபைப் பிடித்து, மூன்று வகை மேற்கோளுக்கும் மூன்று கிளை.

நான் செய்த "திருத்தம்"

இதுதான் இந்த வேலையின் மோசமான கட்டம், பொறுமையாகச் சொல்கிறேன்.

பேட்டர்னைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. <ஏ என்பதற்குப் பின் [^>]* என்றால், ஏ என்ற எழுத்தில் தொடங்கும் எந்த டேக்கும் அதில் அகப்படுமே? முறையாக எழுதுவதென்றால் ஏ-வுக்குப் பின் கட்டாயம் ஒரு இடைவெளி வேண்டும். பின்சாய்கோடு எஸ், அதன்பின் கூட்டல் குறி. சேர்த்தேன். ஓட்டினேன். மொத்த எண்ணிக்கை 19 குறைந்தது. தவறாகப் பிடித்தவை கழிந்தன, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எந்த 19 என்று பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆசிரியரிடம் எடுத்ததையெல்லாம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தவர் கேட்டார்: "படத்துல ஊரைத் தொட்டா அந்த ஊர்ப் பாட்டுக்குப் போகுமே தம்பி, அது எங்க?"

"எந்தப் படம் சார்?"

"காவிரி வரைபடம். நம்ம பையன் ஒருத்தன் கையால வரைஞ்சு ஸ்கேன் பண்ணிப் போட்டது. திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடின்னு ஒவ்வொரு ஊர் மேலயும் தொடலாம்."

அது இமேஜ் மேப். ஒரு படத்தின் மேல் வட்டம், செவ்வகம் என்று இடங்களைக் குறித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு இணைப்பு கொடுப்பது. அந்த இணைப்புகள் ஏ டேக்கில் இருக்காது, ஏரியா டேக்கில் இருக்கும்:

<ஏரியா ஷேப்="சர்க்கிள்" கோர்ட்ஸ்="212,90,14" ஹெச்ரெஃப்="மன்னார்குடி.எச்டிஎம்">

என் பழைய, "தளர்வான" பேட்டர்ன் இதைப் பிடித்திருந்தது. தெரிந்து பிடிக்கவில்லை. ஏரியா என்பதும் ஏ-வில் தொடங்குவதால் தற்செயலாக அகப்பட்டது. நான் இடைவெளியைக் கட்டாயமாக்கியதும் 19 ஊர்களும் கழன்று விழுந்தன. எந்தப் பாடல்களுக்காக இந்த வேலையையே தொடங்கினோமோ அவை அந்த 19 பக்கங்களின் பின்னால்தான் இருந்தன.

ஏ-வில் தொடங்கி ஹெச்ரெஃப் பண்பு உள்ள டேக்குகள் எச்டிஎம்எல்லில் இரண்டே இரண்டு, ஏயும் ஏரியாவும். ஆக, என் தளர்வான பேட்டர்னில் திருத்துவதற்கு உண்மையில் எதுவும் இல்லை. ஆனால் அது சரியாக இருந்ததும் எனக்குத் தெரிந்து அல்ல. தெரியாமல் சரியாக இருந்த ஒன்றைத் தெரிந்த மாதிரி திருத்தினேன். ஆசிரியர் வரைபடத்தை நினைவு வைத்திருக்காவிட்டால் அது மாதக் கடைசியில் சர்வரோடு அணைந்திருக்கும். இன்றும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

எடுத்திருக்கக் கூடாத ஒன்று

விடுபட்டது ஒரு பக்கம் என்றால், கூடுதலாக வந்தது இன்னொரு பக்கம்.

எடுத்த கட்டுரைகளின் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த ஆசிரியர் ஒரு தலைப்பில் விரலை வைத்து நிறுத்தினார். "இது எப்படி வந்தது? இதை எடுக்கச் சொல்லி அந்த அம்மா எழுதிக் கேட்டாங்க. எடுத்தாச்சே."

பக்கத்தின் மூலத்தைப் பார்த்தோம். அந்தக் கட்டுரைக்கான இணைப்பை அன்றைக்கு யாரோ அழிக்காமல் கருத்துக் குறிக்குள் அடைத்திருந்தார்கள். கோண அடைப்பு, வியப்புக்குறி, இரண்டு சிறுகோடு என்று திறந்தால், இரண்டு சிறுகோடும் கோண அடைப்புமாக மூடும்வரை உலாவி எதையும் காட்டாது. வாசகர் கண்ணுக்கு இணைப்பு போய்விட்டது. ஆனால் கோப்பு சர்வரிலேயே கிடந்தது. என் ரெகெக்ஸுக்குக் கருத்துக் குறி என்றால் என்னவென்றே தெரியாது. <ஏ என்ற எழுத்துகள் எங்கே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். அந்த இணைப்பின் வழியே போய், ஒருவர் வேண்டாம் என்று திரும்பப் பெற்ற தன் குடும்பக் கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

நாங்கள் கவனிக்காமல் புதிய தளத்தில் ஏற்றியிருந்தால், அது மறுபடி எல்லோருக்கும் தெரிய வந்திருக்கும். அந்தக் கோப்பை அழித்தோம். கருத்துக் குறிக்குள்ளிருந்து வந்த மற்ற எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொன்றையும் ஆசிரியரே பார்த்து முடிவு செய்தார். பழைய தளங்களைக் காப்பாற்றும் வேலையில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

இதே காரணத்தால் ஸ்கிரிப்ட் டேக்குக்குள்ளிருந்தும் குப்பை வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் வரிகளில் இணைப்பைத் துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள், நடுவில் கூட்டல் குறியும் மாறியின் பெயரும் இருக்கும். ரெகெக்ஸ் அதையும் முகவரி என்று கொண்டுவந்து நீட்டும். அது வெறும் தொல்லை, ஆபத்து இல்லை. திறந்தால் பக்கம் இல்லை என்று வரும், அவ்வளவுதான்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்கள்

தளத்தின் பிற்காலப் பகுதியில் முகவரிகளே தமிழில் இருந்தன. தமிழ் முகவரி இணையத்தில் பயணம் செய்யும்போது சதவீதக் குறிகளாக மாறும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஆக, ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. இதைப் பிரித்து மறுபடி தமிழாக்கிவிட்டு, நம் தளத்து முகவரிதானா என்று சரிபார்க்க இன்னொரு ரெகெக்ஸ் வைத்திருந்தேன். அதில் "சொல்லெழுத்து" என்பதற்கு எல்லோரும் போடும் பின்சாய்கோடு டபிள்யூவைப் போட்டேன்.

பைத்தானின் ரெகெக்ஸ் தொகுதியில் அந்தக் குறி யூனிகோடு எழுத்துகளை ஏற்கும். த, ம, ழ எல்லாம் எழுத்து, சரி. ஆனால் இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு "எழுத்து" என்று வகைப்படுத்தவில்லை, "சேர்குறி" என்கிறது. பைத்தான் அவற்றைச் சொல்லெழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே "தமிழ்" என்ற சொல்லில் அது பார்ப்பது "தம" என்று ஒரு சொல், "ழ" என்று இன்னொரு சொல். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகப் படித்து வளர்ந்த நமக்கு இது விநோதம். மெய்யும் உயிர்க்குறியும் பிரிந்து கிடப்பது கோப்புக்குள் மட்டும்தான்.

விளைவைப் பாருங்கள். கும்மிப்பாட்டு, கோலாட்டம், காவடிச்சிந்து என்று மூன்று பக்கங்கள். மூன்றிலும் முதல் ககரத்துக்கு அடுத்து வருவது சேர்குறி. எனவே மூன்று முகவரிகளும் "க" என்ற ஒற்றை எழுத்தோடு வெட்டுப்பட்டன. ஒரே முகவரி மூன்று முறை வந்திருக்கிறது என்று ஸ்கிரிப்ட் இரண்டைக் கழித்துவிட்டது. மீதி ஒன்றும் திறக்கவில்லை. பின்சாய்கோடு டபிள்யூவை விட்டுவிட்டு, இங்கேயும் எல்லையைச் சொல்லும் முறைக்கே மாறினேன்: சாய்கோடு, கேள்விக்குறி, எண் குறி, இடைவெளி தவிர எதுவும்.

பழைய பக்கங்களில் வேறு கதை. 2001-இல் தமிழ் யூனிகோடு பரவலாகவில்லை. உள்ளூர்க்காரர்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதினார்கள். அதில் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கியாகவே இருப்பதால் டேக்குகளுக்குச் சேதம் இல்லை. பைட்டுகளை அப்படியே, ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்னும் லத்தீன்-1 முறையில் படித்தால் ஒன்றும் தொலையாது. சிக்கல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த படைப்புகளில் இருந்தது. அவை பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் கோப்பில் விழுவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அதில் கோண அடைப்பின் மூடும் குறி > இருக்கும் இடத்தில் காற்புள்ளி உட்கார்ந்திருக்கிறது.

இணைப்போடு கட்டுரையின் தலைப்பையும் எடுக்க, "கோண அடைப்புகள் எதுவும் இல்லாத எழுத்து, அதன்பின் மூடும் டேக்" என்று >([^<>]+)</ஏ> எழுதியிருந்தேன். "நிலம், நீர், நெருப்பு" என்ற தலைப்பு "நெருப்பு" என்று மட்டும் வந்தது. ஒவ்வொரு காற்புள்ளியும் கோப்பில் ஒரு மூடும் அடைப்பு. உலாவி அதைப் பொருட்படுத்தாது, டேக்குக்கு வெளியே தனியாக நிற்கும் மூடும் அடைப்பு அதற்கு வெறும் எழுத்து. என் பேட்டர்ன்தான் கண்ட இடத்திலெல்லாம் டேக் முடிகிறது என்று நம்பியது.

ரெகெக்ஸ் செய்த குற்றமா?

எச்டிஎம்எல்லை ரெகெக்ஸால் அலசாதே என்பது நிரலாளர்கள் நடுவில் ஒரு வேதவாக்கு. காரணமாக மொழிக் கோட்பாட்டைக் காட்டுவார்கள். 1950-களில் கணிதவியலாளர் ஸ்டீஃபன் கிளீனி வகுத்த, ரெகெக்ஸுக்கு அடிப்படையான ஒழுங்கு மொழிகளுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கும் போகும் அமைப்பை எண்ணிப் பார்க்கும் திறன் கிடையாது, எச்டிஎம்எல்லோ அடுக்கடுக்காகப் போவது. உண்மைதான். ஆனால் எங்கள் வேலைக்கு அது காரணம் இல்லை என்பது என் முடிவு.

இணைப்பை எடுக்க அடுக்கு தெரிய வேண்டாம். டேக் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, பண்பின் மதிப்பு எது என்பது தெரிந்தால் போதும். எச்டிஎம்எல் தரநிலை இந்தப் பகுதியை ஒரு நிலைப்பொறியாகத்தான் விவரிக்கிறது. அதில் 80 நிலைகள். உரைக்குள் இருக்கிறேன், கருத்துக்குள் இருக்கிறேன், ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறேன், இரட்டை மேற்கோள் மதிப்புக்குள் இருக்கிறேன் என்று ஒவ்வொரு எழுத்திலும் அது தான் நிற்கும் இடத்தைத் தெரிந்துவைத்திருக்கிறது. பைத்தானோடு வரும், எச்டிஎம்எல்லை அலசிப் பிரிக்கும் எச்டிஎம்எல்பார்சரின் மூலத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் ரெகெக்ஸ்கள்தான். வேறுபாடு ஒன்றே. அங்கே ஒவ்வொரு சிறு ரெகெக்ஸையும் அதற்குரிய இடத்தில் மட்டும் கூப்பிடுகிறார்கள். நான் ஒரே பேட்டர்னைப் பக்கம் முழுக்க மேய விட்டேன். அதற்கு எழுத்து தெரிந்தது, இடம் தெரியவில்லை. காவிரி வரைபடம் தவிர இதுவரை சொன்ன தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. வரைபடம் என் அறியாமை, அதற்குப் பார்சர் மட்டும் போதாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு, எங்களுக்கு லேசாக வந்து போனது. ஒரு பக்கத்தில் பட்டியலை நேராக்க யாரோ ஆயிரக்கணக்கான இடைவெளிகளை அடித்திருந்தார்கள். இடைவெளிகளை ஏற்கும் இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து வரும்படி நான் எழுதியிருந்த ஒரு பேட்டர்ன் அதில் போய் நின்றுவிட்டது. முதல் பகுதி எத்தனை எடுக்கிறது, இரண்டாவது எத்தனை எடுக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பின்வாங்கி, எல்லாப் பங்கீட்டையும் முயன்று பார்க்கிறது. 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியதும் இந்த மாதிரிப் பின்வாங்கலால்தான். வரியின் ஓரத்து இடைவெளியை நீக்கும் ஒரு சிறு ரெகெக்ஸ், சுமார் 20,000 இடைவெளிகள் கொண்ட ஒரு பதிவில் மாட்டிக்கொண்டு ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடுகள் செய்தது. எங்கள் ஸ்கிரிப்ட் நின்றது நல்லதுதான். நின்றதால் கவனித்தோம்.

மாற்றியதும், எண்ணியதும்

ஸ்கிரிப்டை எச்டிஎம்எல்பார்சருக்கு மாற்றினேன். தொடக்க டேக் வரும்போதெல்லாம் அது நம் செயற்கூற்றைக் கூப்பிடும், டேக் பெயரும் பண்புப் பெயர்களும் சிறிய எழுத்தாக்கப்பட்டு வரும், குறியீடுகள் அவிழ்க்கப்பட்டிருக்கும், கருத்துகள் தனி வழியில் போகும். ஏ, ஏரியா, ஃப்ரேம், ஐஃப்ரேம் நான்கையும் எடுத்தேன். பேஸ் டேக்கையும் பார்த்தேன். அது இருக்கும் பக்கத்தில் எல்லா முகவரிகளும் அதை ஒட்டித்தான் பொருள்படும், ஒரு ஃபோல்டர் முழுக்க அதை வைத்திருந்தார்கள். சார்பு முகவரிகளை முழுமையாக்கப் பைத்தானிலேயே யூஆர்எல்ஜாயின் என்ற செயற்கூறு இருக்கிறது. இரண்டு புள்ளியும் சாய்கோடுமாக மேலே ஏறும் முகவரிகளைக் கையால் ஒட்டிப்பார்க்கும் வேலையை அதனிடமே விட்டுவிட்டேன்.

அப்புறம் ரெகெக்ஸைத் தூக்கிப் போடவில்லை. அதற்கு வேறு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஹெச்ரெஃப் என்ற சொல் எங்கே எப்படி இருந்தாலும் சரி, எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணும். அந்த எண்ணிக்கைக்கு அருகே பார்சர் எடுத்த எண்ணிக்கையை வைத்தேன். இரண்டும் ஒத்துப்போனால் தாண்டிவிடலாம். ஒத்துப்போகாத பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அறிவுள்ள ஒன்று எடுக்கிறது, அறிவில்லாத ஒன்று எண்ணுகிறது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் காவிரி வரைபடம் அன்றைக்கே அகப்பட்டிருக்கும்: எண்ணிக்கை 19, எடுத்தது பூஜ்யம்.

ஒத்துப்போகாத பக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருத்துக் குறியோ ஸ்கிரிப்டோ பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைதாளுக்கான இணைப்போதான் காரணம். விறுவிறுவென்று தாண்டினோம். கவிதைப் பட்டியல் பக்கம் ஒன்றில் மட்டும் கருத்தும் இல்லை, ஸ்கிரிப்டும் இல்லை. எண்ணியது 12, எடுத்தது 11.

உலாவியில் அந்தப் பக்கம் ஒழுங்காகவே தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு கவிதைக்கு இணைப்பு. ஆசிரியர்தான் மெல்லப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஆறுக்கு அப்புறம் எட்டு வருது, தம்பி."

மூலத்தில் இப்படி இருந்தது:

<ஏ ஹெச்ரெஃப்="கவிதை7.எச்டிஎம்>ஏழு</ஏ> <ஏ ஹெச்ரெஃப்="கவிதை8.எச்டிஎம்">எட்டு</ஏ>

ஏழாம் கவிதையின் முகவரிக்குப் பின் மூடும் மேற்கோளை அடித்தவர் மறந்துவிட்டார். உலாவி அடுத்த மேற்கோள் கிடைக்கும்வரை எல்லாவற்றையும் முகவரி என்று எடுத்துக்கொண்டது. அதில் "ஏழு" என்ற சொல்லும் எட்டின் டேக்கும் உள்ளே போய்விட்டன. மிச்சம் தெரிந்த "எட்டு" எங்கோ இல்லாத ஒரு முகவரிக்குப் போனது. தளத்தில் வேறெந்தப் பக்கமும் இந்த இரண்டுக்கும் இணைப்பு கொடுக்கவில்லை. பக்கத்தின் அடியில் 2003 என்று இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கவிதைகளுக்குப் போக யாருக்கும் வழி இருந்திருக்கவில்லை.

முகவரிப் பட்டியில் கவிதை7.எச்டிஎம் என்று கையால் அடித்தேன். திறந்தது. எட்டும் திறந்தது. இரண்டையும் சேமித்தேன். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏழாவதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.